யானைக் கழுத்தில் ஓர் இடம்

மலையடிவாரக் காட்டில் வடிவு என்றொரு கீரி வாழ்ந்துவந்தாள். ஆற்றுக்குக் கிழக்கே, மேட்டில் இருந்த ஒரு பழைய கறையான் புற்றில் அவளும் அவளுடைய மூன்று குட்டிகளும் இருந்தார்கள். ஆனால் இரையெல்லாம் ஆற்றுக்கு மேற்கே இருந்தது. ஐப்பசி மழையில் கிழக்குக் கரையின் பள்ளமெல்லாம் தண்ணீர் கட்டி, எலி வளையும் நண்டு வளையும் மூழ்கிப்போயிருந்தன. எனவே விடிந்ததும் அவள் ஆற்றங்கரைக்கு ஓடுவாள். அவளைப் போலவே இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடி வருவார்கள்.

அந்த ஆற்றைத் தினமும் கடந்து போகிறவள் மாதங்கி என்ற பெண் யானை. மேற்குக் கரை மூங்கில்தான் அவளுக்குச் சாப்பாடு. காலையில் போவாள், சாயங்காலம் திரும்புவாள். ஒருநாள் வெள்ளத்துக்குப் பயந்து கரையில் நின்ற முயல் ஒன்றைப் பார்த்து, நான் போகிற வழிதானே, ஏறிக்கொள் என்று சொல்லியிருந்தாள். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் ஐந்து பேர். இப்போது அவள் முதுகு நிறைய ஆட்கள்.

மாதங்கி யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இரண்டே இரண்டு விஷயங்கள் மட்டும் சொல்லியிருந்தாள். முதுகில் இருக்கும்வரை ஒருவரை ஒருவர் கடிக்கவோ தின்னவோ கூடாது. கழுத்துக்குப் பின்னால் இருக்கிற பள்ளம் ஆடாத, சறுக்காத இடம். அது பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கால் முடியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும்.

முதல் விதியை எல்லாரும் ஒழுங்காகக் காப்பாற்றினார்கள். மீறினால் ரத்தம் வழியும், யானைக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது விதியை மீறினால் யாருக்குத் தெரியப்போகிறது? யானைக்கு முதுகில் கண் கிடையாது. ஆற்றின் இரைச்சலில் முதுகில் பேசுவது அவள் காதில் விழுவதும் கிடையாது.

அதனால் கழுத்துப் பள்ளத்தில் தினமும் உட்கார்ந்து வந்தவன் சொக்கன் என்ற நரி. நல்ல வாலிபம், நாலு காலும் திடம். யானை மண்டியிட்டதும் வரிசையில் நிற்பவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் ஏறுவான். பள்ளத்தில் சுருண்டு படுத்து, கண்ணை மூடிக்கொள்வான். அவ்வளவுதான். அதற்குமேல் அக்கரை வரும்வரை இடியே விழுந்தாலும் அவன் கண் திறக்காது.

அவனுக்குப் பின்னால் முள்ளம்பன்றி. அவன் உட்காரத் தேவை ஒரு ஆள் இடம்தான். முள்ளை விரித்துக்கொண்டு மூன்று ஆள் இடத்தைப் பிடிப்பான். சுருக்கிக்கொள்ளச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்கிறது என்பான். அடுத்து, பறக்கச் சோம்பல்பட்டு ஏறுகிற மயில். தோகையை நீட்டிப் போட்டுவிட்டு, மிதித்துவிடாதே, மிதித்துவிடாதே என்று ஏறுகிறவர்களையெல்லாம் அதட்டுவான். நடுவில் குரங்கு. கரையோர மரங்களில் இருக்கும் தன் சொந்தக்காரர்களோடு ஆறு கடக்கும்வரை கத்திப் பேசிக்கொண்டே வருவான். அவன் மாமன் வீட்டுச் சண்டை, அத்தை வீட்டுப் பழம், மச்சானுக்கு வயிற்றுப்போக்கு, எல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம்.

வடிவு இதையெல்லாம் பார்த்து வயிறெரிவாள். பக்கத்தில் வழக்கமாக உட்காரும் உடும்பு பேச்சிமுத்துவிடம் முணுமுணுப்பாள். பேச்சிமுத்து நல்ல மனுஷன் என்று காட்டில் பெயர் வாங்கியவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். நீ சொல்றது நியாயம்தான் என்பார். அதோடு சரி.

ஒருநாள் காலை செம்பா என்ற, முயல் அளவே இருக்கும் சருகுமான் ஏற வந்தாள். நிறைமாத வயிறு. மேற்குக் கரைப் புதரில்தான் பிரசவத்துக்குப் பாதுகாப்பான இடம் பார்த்து வைத்திருந்தாள். அதைத் தயார் செய்ய இரண்டு மூன்று நாள் போய்வர வேண்டியிருந்தது. மற்றவர்களுக்காவது பிடித்துக்கொள்ள நகம் உண்டு. சருகுமானுக்கு இருப்பது சின்னஞ்சிறு குளம்பு. ஈரமான யானைத் தோலில் அது வழுக்கியது. அவள் நடுங்கிக்கொண்டு நின்றாள். யாரிடமும் இடம் கேட்கவில்லை; கேட்கக் கூச்சப்பட்டாள்.

வடிவுக்குப் பொறுக்கவில்லை. சொக்கனிடம் போனாள்.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க. பிள்ளைத்தாய்ச்சி நிக்கிறா."

சொக்கன் கண் மூடியிருந்தது. ஆனால் இமை துடித்தது. உண்மையாகத் தூங்குகிறவனுக்கு அப்படித் துடிக்காது. அவள் மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாம் முறை தோளைத் தொட்டு எழுப்பினாள். ஒரு கண் மட்டும் திறந்தது.

"எனக்குக் கால்ல வலி. வலின்னா நொண்டிக் காட்டித்தான் ஆகணுமா? உனக்கு எதுக்கு நான் பதில் சொல்லணும்?"

வடிவு ஓரடி பின்வாங்கினாள். ஒருவேளை உண்மையாக இருந்தால்? வெளியே தெரியாத வலி எத்தனை பேருக்கு இல்லை? அவசரப்பட்டுவிட்டோமோ என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. மன்னிச்சுக்கோங்கண்ணே என்று சொல்லிவிட்டு வந்து, செம்பாவைத் தன் இடத்தில் உட்காரவைத்தாள். தான் சரிவில் தொற்றிக்கொண்டாள்.

அக்கரை வந்தது. யானை மண்டியிடுவதற்குக்கூடச் சொக்கன் காத்திருக்கவில்லை. கழுத்திலிருந்து ஒரே தாவலாகத் தாவிக் குதித்தான். புல்லுக்குள் ஒரு காடை பறந்தது. அதைத் துரத்திக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் ஓடி மறைந்தான்.

வடிவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இடம் கொடுக்காததுகூடப் பரவாயில்லை. தன்னை மன்னிப்புக் கேட்கவைத்துவிட்டானே என்பதுதான் அவளைச் சுட்டது. நேரே போய் மாதங்கியிடம் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினாள். பேச்சிமுத்து தடுத்தார்.

"வேண்டாம் வடிவு. அவங்க சும்மா தூக்கிட்டு வர்றதே பெருசு. புகார் அது இதுன்னு போனா, யாரையும் ஏத்தமாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றது?"

அதற்குள் மாதங்கி மூங்கிலுக்குள் போய்விட்டாள். வடிவு கோபத்தை விழுங்கிக்கொண்டாள்.

அன்று இரவெல்லாம் மலையில் மழை கொட்டியது. மறுநாள் காலை ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. தண்ணீர் யானையின் வயிற்றைத் தொட்டது. செம்பா வந்து சேரத் தாமதமாகிவிட்டது. வால் பக்கத்துச் சரிவில்தான் இடம் கிடைத்தது. வடிவு அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. நடுவில் முள்ளம்பன்றியின் முள் வேலி.

"கொஞ்சம் முள்ளைச் சுருக்குங்க. அவ இந்தப் பக்கம் வரட்டும்" என்றாள் வடிவு.

முள்ளம்பன்றி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யானை ஆற்றில் இறங்கிவிட்டாள். வடிவு சொக்கனிடம் குரலை உயர்த்தினாள். நேற்றுக் காடையைத் துரத்தின கால் இன்றைக்கு வலிக்கிறதா என்று கேட்டாள். சொக்கன் கண் திறக்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டே பேசினான்.

"இது என்ன உன் அப்பன் வீட்டு யானையா?"

குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காலங்காத்தாலே சண்டையா, மனசுக்கு நிம்மதியே இல்லை என்று மயில் அலுத்துக்கொண்டான். முயல்கூட, இன்னும் கொஞ்ச தூரம்தானே, அக்கரை வந்துவிடும், விட்டுத்தள்ளு அக்கா என்றாள். வடிவு பேச்சிமுத்துவைப் பார்த்தாள். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பேச்சிமுத்து கழுத்தைச் சொறிந்துகொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் அப்படி என்ன இருந்ததோ.

நடு ஆற்றில் யானையின் பின்னங்கால் ஒரு குழிக்குள் இறங்கியது. முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லாரும் நகத்தை ஊன்றிக்கொண்டார்கள். செம்பாவுக்கு ஊன்ற நகம் இல்லை. குளம்பு சறுக்கியது. ஒரு கணம் அவள் கண் வடிவின் கண்ணைப் பார்த்தது. மறுகணம் அவள் அங்கே இல்லை.

யானைக்குத் தெரியவில்லை. காலைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

கத்த வேண்டிய நேரம் அது. தினமும் அக்கரை மரம்வரை கேட்கிற குரங்கின் குரல் அன்று தொண்டையிலேயே நின்றுவிட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. வடிவு கத்தினாள், அவள் குரல் சின்னக் குரல், வெள்ளத்தில் கரைந்துபோனது. அவள் ஓடினாள். முள்ளம்பன்றியின் மேலேயே ஏறி ஓடினாள். வயிற்றில் முள் குத்தியது. மயிலின் தோகையை மிதித்தாள், சொக்கனின் தலையை மிதித்தாள், யானையின் காது மடலைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் கடித்தாள்.

மாதங்கி பிளிறிக்கொண்டு நின்றாள்.

"பின்னால! தண்ணியில! செம்பா விழுந்துட்டா!"

யானை சுழன்று திரும்பினாள். கொஞ்சம் கீழே, ஆற்றில் சாய்ந்து கிடந்த ஒரு மருதமரக் கிளையில் செம்பா மாட்டிக்கொண்டு தத்தளித்தாள். மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. மாதங்கி தும்பிக்கையை நீட்டி அவளை வளைத்துத் தூக்கினாள். அக்கரையில் கொண்டுபோய் மெல்ல இறக்கினாள். இறக்கிய இடத்திலேயே செம்பாவுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. முனகிக்கொண்டே புதருக்குள் நகர்ந்து போனாள்.

வடிவு அவள் பின்னால் போகப் பார்த்தாள். எல்லாரும் இங்கே நில்லுங்கள் என்றாள் மாதங்கி. அவள் காதிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"நிறைமாசக்காரி எப்படி வால் பக்கம் போனா? கழுத்துப் பள்ளம் எதுக்கு இருக்கு?"

 சொக்கன் முன்னால் வந்தான். குரலில் தேன் வழிந்தது. அம்மா, நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்றான். இந்தக் கீரிதான் நேற்றிலிருந்து எல்லாரிடமும் தகராறு. இன்றைக்கும் முள்ளம்பன்றியோடு சண்டை, என்னோடு சண்டை. அந்தத் தள்ளுமுள்ளில்தான் பாவம் அது விழுந்தது. உங்கள் காதைப் பாருங்கள், இவள் குணம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும் என்றான்.

வடிவு நடந்ததைச் சொன்னாள். கோபத்தில் வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. கேட்பவருக்கு அது சண்டைக்காரியின் பேச்சாகத்தான் பட்டிருக்கும். மாதங்கி மற்றவர்களைப் பார்த்துக் கேட்டாள். ஆமாம், சத்தம் போட்டது கீரிதான் என்றான் முள்ளம்பன்றி. அது பொய்யில்லை. என் தோகையை மிதித்துவிட்டாள் என்றான் மயில். அதுவும் பொய்யில்லை. உண்மையிலிருந்து ஆளுக்கு ஒரு துண்டை எடுத்து வைத்து, முழுப் பொய்யாகக் கட்டிவிட்டார்கள்.

வடிவு பேச்சிமுத்துவிடம் திரும்பினாள். "நீங்க என் பக்கத்துலயே இருந்தீங்க. சொல்லுங்கண்ணே."

பேச்சிமுத்து நாக்கை நீட்டினார், உள்ளே இழுத்தார். சொக்கனை ஒரு பார்வை, யானையை ஒரு பார்வை.

"நான்... நான் சரியாக் கவனிக்கலை" என்றார்.

மாதங்கி பெருமூச்சு விட்டாள். நீ கடித்ததால்தான் அவள் பிழைத்தாள், அதை நான் மறுக்கவில்லை என்று வடிவிடம் சொன்னாள். ஆனால் ஆற்று நடுவில் சண்டை போடுகிறவரை நான் எப்படி ஏற்றிக்கொண்டு போவது? ஒருவர் சண்டையில் பத்துப் பேர் உயிர் போய்விடும். "நாளையிலேர்ந்து நீ ஏற வேண்டாம்" என்று முடித்துவிட்டாள்.

கூட்டம் கலைந்தது. சொக்கன் போகிறபோது வடிவைப் பார்த்துக் கண் சிமிட்டினான். அவள் அழவில்லை.  புதருக்குள் போய்ச் செம்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தை நக்கிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். உச்சிப்பொழுதில் குட்டி பிறந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அன்று வடிவுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

மறுநாளிலிருந்து அவள் நடந்தாள். ஆற்றோடு மேலே போனால் பாறைகள் நெருக்கமாகக் கிடக்கும் ஓர் இடம் உண்டு. கல்லுக்குக் கல் தாவிக் கடக்கலாம். விடியும்போது புறப்பட்டால் வெயில் ஏறிய பிறகுதான் மேற்குக் கரை. இரை தேடக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். உடனே திரும்ப வேண்டும். ஒரு நாள் ஒரு தவளை. இன்னொரு நாள் இரண்டு வெட்டுக்கிளி. மூன்று குட்டிகளுக்கு அது எந்த மூலைக்கு? நான்காம் நாள் கடைக்குட்டி புற்று வாசல்வரை வரவில்லை. உள்ளேயே படுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தது.

நான் செய்த தப்பு என்ன என்று வடிவு நடக்கும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். இடம் கேட்டேன். எனக்கா கேட்டேன்? கேட்ட நான் நடக்கிறேன். கொடுக்காதவன் படுத்துக்கொண்டு போகிறான்.

செம்பாவுக்கு விஷயம் தெரிந்ததும், நானே போய் யானையம்மாவிடம் சொல்கிறேன் என்று எழுந்தாள். வடிவு விடவில்லை. பச்சைக் குட்டியை விட்டுவிட்டு வெளியே போனால், சொக்கன் மாதிரி எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ என்றாள்.

"நீ சொன்னா, எனக்காகப் பேசுறேன்னுதான் சொல்லுவாங்க. பார்த்தவங்க அத்தனை பேர் இருக்காங்களே. அவங்களுக்கும் கடவுள் வாய் வச்சிருக்கான்ல?"

ஐந்தாம் நாள் சாயங்காலம். வடிவுக்கு ஒரு வயல் எலி கிடைத்திருந்தது. அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எலியைக் கவ்விக்கொண்டு யானை ஆற்றில் இறங்கும் துறை வழியாக வேகவேகமாகப் போனாள். வெளிச்சம் இருக்கும்போதே பாறைகளைத் தாண்டிவிட வேண்டும்.

துறையில் மாதங்கி மண்டியிட்டிருந்தாள். எல்லாரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர் மூன்று காலால் தத்தித் தத்தி வந்தார். பேச்சிமுத்து. புற்றைத் தோண்டும்போது கல் உருண்டு முன்னங்கால் நசுங்கிவிட்டது. நகம் இரண்டு பிய்ந்து தொங்கியது. உடும்புக்கு எல்லாமே பிடிதான். அந்தப் பிடிதான் போய்விட்டது.

வடிவு ஒரு செடி மறைவில் நின்று பார்த்தாள்.

பேச்சிமுத்து கழுத்துப் பள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். சொக்கன் தூங்கினான். தம்பி, தம்பி என்று இரண்டு முறை கூப்பிட்டார். இமை துடித்தது, கண் திறக்கவில்லை. முள்ளம்பன்றியைப் பார்த்தார், அவன் வானத்தைப் பார்த்தான். மயிலைப் பார்த்தார், அவன் தோகையைக் கோதினான். முயலைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.  யானை எழுவதற்குள் அவர் மெதுவாகக் கீழே இறங்கி, கரையில் ஒதுங்கி நின்றார். ஆறு கடக்க அவருக்கு வேறு வழி கிடையாது. வெள்ளத்தில் நீந்தவோ பாறைக்குப் பாறை தாவவோ அந்தக் காலால் முடியாது. அவர் பொந்து கிழக்குக் கரையில்.

நன்றாக வேண்டும் என்றது வடிவின் மனசு. நன்றாக வேண்டும், நன்றாக அனுபவிக்கட்டும். அந்த எண்ணம் ஒரு வாய் தண்ணீர் குடித்ததுபோல் சுகமாக இருந்தது. அவள் இரண்டடி எடுத்துவைத்தாள். மூன்றாவது அடி வரவில்லை. அவர் மூன்று காலில் நின்ற நிற்பும், செம்பா அன்று நின்ற நிற்பும் ஒன்றாகத்தான் இருந்தன. இப்போது பேசாமல் போனால், நானும்தானே சரியாகக் கவனிக்காதவள் ஆகிவிடுவேன்?

எலியைக் கீழே வைத்தாள். நேரே போய் மாதங்கியின் முகத்துக்கு எதிரில் நின்றாள்.

"உன்னை ஏறக்கூடாதுன்னு சொன்னேனே" என்றாள் மாதங்கி.

"நான் ஏற வரலைம்மா. உங்களால முதுகைத் திரும்பிப் பார்க்க முடியாது. தும்பிக்கையால தடவிப் பார்க்கலாம்ல? கழுத்துப் பள்ளத்துல யாரு இருக்கான்னு தடவிப் பாருங்க. அது போதும்."

 மாதங்கி தும்பிக்கையைத் தூக்கித் தலைக்கு மேலே வளைத்தாள். அது நெற்றியைத் தாண்டிக் கழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கியது. வழவழப்பான ரோமம் தட்டுப்பட்டது. கொழுத்த முதுகு. நாலு கால். ஒவ்வொரு காலையும் தும்பிக்கை நுனி நிதானமாகத் தடவியது. எதிலும் காயம் இல்லை, வீக்கம் இல்லை. சொக்கன் அப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தான்.

தும்பிக்கை அவன் இடுப்பைச் சுற்றி வளைத்தது. தூக்கிக்கொண்டு வந்து தன் கண்ணுக்கு நேரே நிறுத்தினாள் மாதங்கி. அந்தரத்தில் தொங்கியபடி அவன் கண்ணைத் திறந்தான்.

"தூங்கிட்டேம்மா" என்றான்.

பேச்சிமுத்து கரையிலிருந்து தத்திக்கொண்டு வந்தார்.  எல்லாருக்கும் கேட்கிறமாதிரி பேசினார்.

"அன்னிக்கும் இவன்தாம்மா அங்க இருந்தான். வடிவு தள்ளலை. செம்பாவுக்கு இடம் கேட்டா. நான் எல்லாத்தையும் பார்த்தேன். நல்லாக் கவனிச்சேன். பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டேன்."

ஒரு வாய் திறந்ததும் மற்ற வாய்களெல்லாம் திறந்துகொண்டன. எனக்கு அப்போதே தெரியும் என்றான் குரங்கு. இந்த நரி தினமும் என்னை இடித்துத்தான் ஏறுவான் என்றாள் முயல். நானும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்றான் மயில். முள்ளம்பன்றி எல்லாரையும்விடச் சத்தமாகச் சொக்கனைத் திட்டினான். திட்டிக்கொண்டே முள்ளைச் சுருக்கிக்கொண்டான்.

வடிவுக்கு அதைக் கேட்டபோதுதான் அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. சொக்கன்மேல் வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம்.

"இத்தனை வாயும் அன்னிக்கு எங்க போச்சு?" என்றாள். "அஞ்சு நாளா என் பிள்ளைங்க பட்டினி. இப்ப அவனைத் தூக்கிப் பிடிச்சுட்டாங்க, அவனால ஒண்ணும் பண்ண முடியாது, அதனால பேசுறீங்க. இதுக்குப் பேசாமலே இருந்திருக்கலாம்."

 மாதங்கி சொக்கனைக் கீழே இறக்கினாள்.

"அந்தக் கீரி அஞ்சு நாள் பாறை வழியா நடந்தா. நீயும் அஞ்சு நாள் நட. உன் காலுக்குத்தான் ஒண்ணும் இல்லையே. அதுக்கப்புறம் ஏற வந்தா, வரிசையில கடைசியா நின்னு ஏறு."

சொக்கன் முனகிக்கொண்டே ஆற்றோரம் மேலே நடந்தான். மாதங்கி வடிவின் பக்கம் திரும்பினாள். தலையைத் தாழ்த்தி, கடிபட்ட காது தரையைத் தொடுகிற அளவுக்கு முகத்தைக் கீழே கொண்டுவந்தாள்.

"என்மேலயும் தப்பு இருக்கு வடிவு. பத்து நாக்கு சொன்னதைக் கேட்டேன். தடவிப் பார்த்திருந்தா ஒரு நொடி வேலை. சுமக்கிறது மட்டும்தான் என் வேலைன்னு இருந்துட்டேன். வா, ஏறிக்கோ."

 வடிவு சரி என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தாள். எலியை எடுத்துக் கவ்விக்கொண்டு ஏறினாள். பேச்சிமுத்துவைக் கழுத்துப் பள்ளத்தில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் கிடைத்த சரிவில் நகத்தை ஊன்றி நின்றாள். உட்காரச் சொல்லி நாலைந்து பேர் இடம் கொடுத்தார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

ஆற்று நடுவில் பேச்சிமுத்து மெதுவாக அழைத்தார். அம்மா வடிவு, என்னை மன்னித்துவிடு என்றார்.

அவள் எலியைக் காலுக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு பேசினாள்.

"மன்னிக்கிறதெல்லாம் மெதுவா வரும்ண்ணே. நாளைக்கு வேற யாராவது இப்படி நிப்பாங்க. அப்ப நான் பக்கத்துல இருக்கேனோ இல்லையோ, நீங்க வாயைத் திறங்க."

மறுநாள் காலை மாதங்கி ஆற்றில் இறங்குவதற்கு முன் தும்பிக்கையைத் தூக்கி, எட்டியவரை முதுகை ஒருமுறை தடவிப் பார்த்தாள். கழுத்துப் பள்ளத்தில் ஓடு தேய்ந்த, நீந்தத் தெரியாத ஒரு கிழட்டு நில ஆமை உட்கார்ந்திருந்தது. அதற்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டு நடு முதுகுக்கு இறங்கி வந்தவர், மூன்று காலில் நின்ற பேச்சிமுத்து. அவருக்கும் அந்த இடத்துக்கு உரிமை உண்டுதான். முயலும் குரங்கும் நெருங்கி உட்கார்ந்து, அவர் சறுக்கிவிடாமல் இரண்டு பக்கமும் அணைகொடுத்தார்கள். யாரும் சொல்லாமலேயே அதைச் செய்தார்கள்.

அக்கிரமம் செய்பவன் ஒருவன்தான். அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் அவனுக்கு உட்கார இடம் போட்டுக் கொடுக்கிறார்கள்.